கரண்ட் வெட்டுப்பட்ட வீடு: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். விண்ணப்பம் நிரப்புவது, முறைப்பாடு எழுதுவது, பில்லில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொல்வது எல்லாம் அதற்குள் அடங்கும். 2022க்கு முன்னர் காணி, ஓய்வூதியம், அடையாள அட்டை என்றுதான் வருவார்கள். அதற்குப் பிறகு நிறையப் பேர் கையில் மடித்துக் கொண்டுவந்தது கரண்ட் பில். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எரிபொருள் வறுமை என்கிறார்களே, அது சாதாரண வறுமைதானே?

வறுமைக்குள் இருக்கும் ஒரு தனி வருத்தம் அது. அந்தச் சொல் பிரித்தானியாவில் பிறந்தது. 1991இல் பிரெண்டா போர்ட்மன் என்ற ஆய்வாளர் ஓர் அளவுகோல் வைத்தார். வீட்டைப் போதிய அளவு சூடாக வைத்திருப்பது உள்ளிட்ட எரிபொருள் தேவைகளுக்கு வருமானத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகுமென்றால் அந்த வீடு எரிபொருள் வறுமையில் இருக்கிறது என்றார். அங்கே குளிர்தான் பெரிய பிரச்சினை.

எங்களுக்குக் குளிர் இல்லை. எங்கள் வீடுகளில் எரிபொருள் என்றால் சமையல், கிணற்றுத் தண்ணீர், பிள்ளை படிக்க ஒரு வெளிச்சம், சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் ஒரு காற்றாடி. இந்த 10 சதவீதக் கணக்கை இங்கே அப்படியே வைத்துப் பார்த்தால் ஏமாந்து போவோம். காசில்லாத வீடு பில்லைக் குறைக்கிறது, காற்றாடியை நிற்பாட்டுகிறது, காஸ் சிலிண்டரை மூலையில் வைத்துவிட்டு காவோலை பொறுக்கி அடுப்பு மூட்டுகிறது. செலவுக் கணக்கில் அந்த வீட்டுக்கு எரிபொருள் பிரச்சினையே இல்லை என்று வரும். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் குசினிச் சுவர் கறுத்திருக்கும், பிள்ளை தெருவிளக்குக்குக் கீழே இருந்து படிக்கும். ஆகவே எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதோடு எதையெல்லாம் விட்டுவிட்டு வாழ்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

பில் கட்டாததால் கரண்ட் வெட்டினால் விளக்குத்தானே இல்லை, சமாளிக்கலாம்தானே?

அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் கரண்ட் வெட்டினால் முதலில் நிற்பது தண்ணீர்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். முன்னர் துலாவில் அள்ளினோம், பிறகு கப்பியில் அள்ளினோம். மோட்டர் பூட்டிய பிறகு பல வீடுகளில் கப்பியைக் கழற்றி, பிள்ளைகள் விழாமல் கிணற்றை மூடி, கயிற்றையும் வாளியையும் கைவிட்டு விட்டார்கள்.

2023இல் ஓர் அக்கா வந்தார். இரண்டு பிள்ளைகள். கணவர் வெங்காயத் தோட்டங்களில் கூலிவேலை. நிலுவை 4,000 ரூபாவுக்குச் சற்று மேல். வெட்டின அன்று பின்னேரம் அவர் செய்த முதல் வேலை, அயல் வீட்டில் ஒரு வாளியும் கயிறும் கடன் வாங்கியது. கயிறு எட்டவில்லை. சேலைக்கொடியாகக் கட்டியிருந்த நைலோன் கயிற்றை அவிழ்த்து முடிச்சுப் போட்டு நீட்டி அள்ளினாராம். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். இரண்டு கையிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. “இருட்டு ஒரு பிரச்சினையில்லை, மண்ணெண்ணெய் விளக்கு இருக்கு. கக்கூசுக்குத் தண்ணி இல்லையெண்டதுதான் பிள்ளையளுக்குக் கரைச்சல்” என்றார். 4,000 ரூபாக் கடனுக்கு ஒரு வீட்டின் தண்ணீரை நிற்பாட்டுவது சரியா என்று அன்றிலிருந்து நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

பில் ஏன் இப்படித் திடீரென்று ஏறியது? நாங்கள் கூடப் பாவிக்கவில்லையே.

உண்மைதான், நீங்கள் கூடப் பாவிக்கவில்லை. மாதம் 30 யூனிட் மட்டும் பாவிக்கும் ஒரு சின்ன வீட்டை எடுப்போம். இரண்டு மூன்று விளக்கு, ஒரு காற்றாடி, கொஞ்ச நேரம் மோட்டர். அவ்வளவுதான்.

2022 ஓகஸ்டுக்கு முன்னர் யூனிட் 2.50 ரூபா, நிலையான கட்டணம் 30 ரூபா. மொத்தம் 105 ரூபா. ஒன்பது வருடங்களுக்குப் பிறகு அந்த ஓகஸ்டில் முதல் உயர்வு வந்தது. யூனிட் 8 ரூபா, நிலையான கட்டணம் 120. பில் 360 ஆனது. ஆறு மாதம் கழித்து 2023 பெப்ரவரியில் யூனிட் 30 ரூபா, நிலையான கட்டணம் 400. அதே வீடு, அதே விளக்கு, பில் 1,300 ரூபா. 105இல் இருந்து 1,300. சராசரி உயர்வு முதல் தடவை 75 சதவீதம், இரண்டாம் தடவை 66 சதவீதம் என்று செய்திகளில் சொன்னார்கள். மிகக் குறைவாகப் பாவித்தவர்களுக்கு அது பன்னிரண்டு மடங்காக வந்தது அந்தச் சராசரிக்குள் மறைந்துபோனது.

காரணம் நாட்டின் திவாலும் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாடும். மின்சாரத்தை உற்பத்திச் செலவுக்குக் குறைவாக விற்கக்கூடாது என்றானது. பிறகு 2024இல் இரண்டு தடவையும் 2025 ஜனவரியில் ஒரு தடவையும் குறைத்தார்கள். 2025 யூனில் 15 சதவீதம் கூட்டினார்கள். யூன் கணக்கின்படி அதே 30 யூனிட்டுக்கு யூனிட் 4.50, நிலையான கட்டணம் 80, மொத்தம் 215 ரூபா. குறைந்தது நல்லது. ஆனால் 2023இல் ஏறிய கடனை அடைக்க அடகு வைத்த தோடு பல வீடுகளுக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

அந்த 2023இல் நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட துண்டிப்புகள் நடந்ததாகப் பாராளுமன்றத்தின் துறைசார் மேற்பார்வைக் குழு மூலம் தெரியவந்தது.

போன மாதம் 585 ரூபா, இந்த மாதம் 1,183 ரூபா. மீற்றர் பிழையா?

பில்லை வாங்கிப் பார்த்தேன். மீற்றர் சரி. போன மாதம் 60 யூனிட், இந்த மாதம் 61 யூனிட். அந்த ஒரு யூனிட்தான்.

2025 யூன் கட்டணத்தை வைத்தே காட்டுகிறேன், வரி சேர்க்காமல். 60 யூனிட் வரை என்றால் முதல் 30க்கு 4.50, அடுத்த 30க்கு 8 ரூபா, நிலையான கட்டணம் 210. கூட்டினால் 585 ரூபா. 60ஐத் தாண்டினால் பழைய விலை மறைந்துவிடும். முதல் 60 யூனிட்டும் 12.75 ரூபா ஆகும், 61ஆவது 18.50, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,183.50. கட்டணம் நாளை மாறினாலும் இந்தப் படிமுறை மாறாதவரை 60க்கும் 61க்கும் இடையில் ஒரு பள்ளம் இருந்துகொண்டே இருக்கும்.

இதில் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று, படிகள் நாள்கணக்கில் போடப்படுகின்றன. இரண்டு வாசிப்புக்கும் இடையில் 33 நாள் என்றால் எல்லை 66 யூனிட். 28 நாள் என்றால் 56. ஆகவே மாதக் கணக்கை விட்டுவிட்டு, ஒரு நாளைக்கு 2 யூனிட் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும், அதை முதலில் பாருங்கள்.

ஒரு நாள் 2 யூனிட் என்றால் என்ன? 1,000 வாட்ஸ் அயன் பெட்டி அரை மணி நேரம் ஓடினால் அரை யூனிட். றைஸ் குக்கரும் கிட்டத்தட்ட அப்படித்தான். காற்றாடி இரவு எட்டு மணி நேரம் சுற்றினால் அரை யூனிட்டுக்குக் கிட்ட. சின்னக் குளிர்சாதனப் பெட்டி ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டை அண்டி இழுக்கும். 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்ப் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் யூனிட்டில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே பிள்ளை படிக்கும் விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள். எல்லோருடைய உடுப்பையும் கிழமைக்கு ஒரு தடவை சேர்த்து அயன் பண்ணுங்கள்.

ஒரே வளவில் நாங்களும் வாடகைக்கு இருப்பவர்களும், ஒரு மீற்றர். பில்லைப் பாதி பாதியாகப் பிரிப்பது நியாயமா?

இந்தக் கேள்விதான் எனக்கு மிக வருத்தம் தருவது. பிரிப்பது எப்படி என்பது இரண்டாம் பிரச்சினை. ஒரே மீற்றர் என்பதே உங்கள் இரண்டு வீட்டுக்கும் தண்டனை.

அதே 2025 யூன் கட்டணத்தில் பார்ப்போம். இரண்டு குடும்பமும் தலா 60 யூனிட். தனித்தனி மீற்றர் என்றால் 585உம் 585உம், 1,170 ரூபா. ஒரே மீற்றரில் 120 யூனிட் என்று பதிவானால் முதல் 60க்கு 765, அடுத்த 30க்கு 555, அடுத்த 30க்கு 720, நிலையான கட்டணம் 1,000. மொத்தம் 3,040 ரூபா. அதே விளக்கு, அதே மோட்டர். தனி இணைப்பு எடுக்க வைப்புப்பணம், வயரிங் சான்று, காணி உறுதி என்று கேட்பதால், அதற்கு வழியில்லாதவர்கள்தான் பெரும்பாலும் மற்றவர் மீற்றரில் இருக்கிறார்கள். ஒரு காணிக்குள் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று சின்ன வீடு கட்டிக் கொடுத்த சீதனக் காணிகளிலும் இதே கதைதான். குறைந்த பாவனைக்குச் சலுகை என்று வைத்த கட்டணப் படிமுறை, அந்த ஏழைகளுக்கே எட்டாமல் போகிறது.

வழியிருந்தால் இரண்டாவது இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். செலவு பெரிதாகத் தெரியும், ஆனால் மேலே உள்ள கணக்கில் மாதம் 1,870 ரூபா வித்தியாசம். அதுவரை பிரிக்கும்போது ஒரு சப்-மீற்றர் பூட்டி யூனிட் விகிதப்படி பிரியுங்கள். வாடகைக்காரரிடம் 60க்கு மேல்பட்ட விலையை மட்டும் சுமத்தாதீர்கள்.

எப்போது வெட்டுவார்கள்? சொல்லாமல் வந்து வெட்டலாமா?

சொல்லாமல் வெட்டக்கூடாது. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டத்திலிருந்தே முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் பில்லின் கடைசித் திகதி தாண்டிய பிறகு சிவப்பு அறிவித்தல் வரும். அதில் எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் திகதிக்குப் பிறகு வெட்டுவோம் என்று எழுதியிருக்கும்.

இப்போது பல இடங்களில் காகிதப் பில்லுக்குப் பதிலாகக் கைத்தொலைபேசிக்குக் குறுந்தகவல் வருகிறது. இணைப்பு எடுத்தபோது கொடுத்த இலக்கம் வெளிநாடு போன மகனுடைய பழைய இலக்கம் என்றால் அந்த எச்சரிக்கை யாருக்கும் எட்டாது. தனியே இருக்கும் வயதான அம்மாமாருக்கு இப்படித்தான் வெட்டுப்படுகிறது. இதை வாசிக்கிறவர்கள் வெளிநாட்டில் இருந்தால் இன்றைக்கே அம்மாவின் கணக்கில் எந்த இலக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். இலக்கத்தை மாற்ற மின்சார சபையின் 1987 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம், இல்லாவிட்டால் பகுதி அலுவலகத்தில் நேரே சொல்லலாம்.

முழுக்காசு இல்லை. பாதி கட்டினால் எடுப்பார்களா?

எடுப்பார்கள். பகுதி கட்டலாம். ஆனால் பாதி கட்டியதால் மட்டும் வெட்டு நிற்கும் என்று நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். பட்டியலில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும். கட்டின பற்றுச்சீட்டோடு பகுதி அலுவலகத்துக்குப் போய், மிச்சத்தைத் தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு எழுத்தில் கொடுங்கள். பிரதியில் பெற்றுக்கொண்டதாக ஒரு முத்திரையும் திகதியும் வாங்குங்கள்.

கடிதத்தில் என்ன எழுதுவது? நான் எழுதிக் கொடுப்பது எப்போதும் சின்னது. கணக்கு இலக்கம், நிலுவைத் தொகை, இன்று கட்டியது எவ்வளவு, மாதம் எவ்வளவு முடியும், வீட்டில் யார் யார். கடைசி வரிதான் முக்கியம்: எந்த மாதத்தில் வேலை இருக்கும் என்பது. எங்கள் பகுதியில் கூலிவேலை, கடல்தொழில் எல்லாம் பருவத்தோடு போவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோட்டத்தில் வேலை இராது, கடலும் கொந்தளிக்கும். பில் மட்டும் மாதம் தவறாமல் வரும். ‘தை அறுவடைக்குப் பிறகு மாதம் 1,500 ரூபா வீதம் கட்டுவேன்’ என்று எழுதினால், வெறுமனே ‘தயவுசெய்து’ என்று எழுதுவதைவிட அலுவலருக்கு முடிவெடுக்க இலகு. நாள்கூலி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, கிடைக்கும்போது நூறு இருநூறு என்றாலும் தபாலகத்திலோ வங்கியிலோ கட்டிக்கொண்டு வாருங்கள். பில் வந்த பிறகுதான் கட்ட வேண்டும் என்றில்லை.

கடைசி நாளில் கட்டினால் பற்றுச்சீட்டை வீட்டிலேயே, மீற்றருக்குக் கிட்ட, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கட்டிய காசு கணினியில் ஏற நேரம் எடுக்கலாம். வெட்ட வருகிறவரிடம் முந்தின நாள் பட்டியல்தான் இருக்கும். ஒரு வீட்டில் காலையில் கட்டியும் மத்தியானம் வெட்டிவிட்டார்கள், வீட்டில் இருந்த பாட்டிக்குச் சீட்டு எங்கே என்று தெரியாததால்.

பில் உண்மையிலேயே பிழை என்று நினைக்கிறேன். என்ன செய்ய?

முதலில் மீற்றரில் இப்போது என்ன இலக்கம் என்று பாருங்கள். பில்லில் உள்ள இறுதி வாசிப்பைவிட மீற்றர் குறைவாகக் காட்டினால் வாசித்தது பிழை. படலை பூட்டியிருந்த மாதங்களில் மதிப்பீடாகப் போட்டு, பிறகு ஒரே தடவையில் ஏற்றுவதும் உண்டு.

இலக்கம் சரி, ஆனால் பாவனை கூட என்றால் மெயினை அணையுங்கள். அதற்குப் பிறகும் மீற்றர் ஓடினால் முறையிட வேண்டிய விடயம். நின்றுவிட்டால் வீட்டுக்குள்தான் தேட வேண்டும். எங்கள் பக்கத்தில் பத்துக்கு ஏழு தடவை அது மோட்டர். கிணற்றுக்குள் இருக்கும் புட்வால்வு கசிந்தால் குழாயில் நின்ற தண்ணீர் திரும்ப இறங்கிவிடும், ஒவ்வொரு தடவையும் மோட்டர் கூட நேரம் ஓடும். தாங்கி நிறைய முன்னர் 20 நிமிடம் எடுத்தது இப்போது 40 நிமிடம் எடுக்கிறது என்றால் அதுதான். புட்வால்வு மாற்றுகிற செலவு இரண்டு மூன்று பில்லிலேயே திரும்பி வரும்.

முறைப்பாட்டை எழுத்தில் முதலில் மின்சார சபையின் பகுதி அலுவலகத்துக்குக் கொடுங்கள். பதில் இல்லையென்றால், அல்லது திருப்தி இல்லையென்றால், மின்சாரத் துறையை ஒழுங்குபடுத்தும் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். தமிழில் எழுதலாம். எழுதுவது உங்கள் உரிமை, யாரும் சலிப்பார்கள் என்று தயங்க வேண்டாம். 2024இல் நிறைவேறிய புதிய மின்சாரச் சட்டத்தின்படி சபையைக் கம்பனிகளாகப் பிரிக்க முடிவானது, ஆகவே அலுவலகத்தின் பெயர்ப்பலகை மாறியிருக்கலாம். உங்கள் கணக்கு இலக்கத்தைக் குறித்து வையுங்கள்.

அயல் வீட்டிலிருந்து வயர் இழுத்துக்கொள்ளலாமா?

அயலவர் மனமுவந்து தருகிறார் என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். வேலிக்கு மேலாக, கிடுகுக்கு ஊடாக இழுத்த மெல்லிய வயர் மழைக்காலத்தில் உயிரை எடுக்கும். விதிப்படியும் அனுமதியில்லை. அத்தோடு அவருடைய பில்லையும் பாருங்கள். 2025 யூன் கட்டணத்தில் 50 யூனிட் பாவிக்கிறவர் 505 ரூபா கட்டுவார். உங்கள் 20 யூனிட்டையும் சேர்த்து 70 ஆனால் 1,350 ரூபா. 20 யூனிட்டுக்கு 845 ரூபா. ஒரு வீட்டின் வெட்டு பக்கத்து வீட்டையும் கீழே இழுக்கிறது.

தற்காலிகமாக வேண்டியது தண்ணீரும் தொலைபேசி சார்ஜும் என்றால், அயல் வீட்டுக் குழாயில் நிரப்புங்கள், சார்ஜை அங்கேயே போடுங்கள்.

வீட்டில் நோயாளி இருக்கிறார். வெட்டமாட்டார்கள்தானே?

தானாக அப்படி நடக்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். நெபுலைசர், ஒட்சிசன் இயந்திரம், காற்று மெத்தை பாவிக்கிறார் என்றால் வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பகுதி அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். வெட்ட வருகிறவருக்குக் காட்ட ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும்.

இன்சுலின் வைத்திருப்பவர்கள் அயல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். மண்பானைக்குள் ஈரத்துணி சுற்றி நிழலில் வைப்பதும் உண்டு. எத்தனை நாள் அப்படித் தாங்கும் என்று கிளினிக்கில் கேட்டுச் செய்யுங்கள்.

சமையலுக்கு எது மலிவு? காஸா, மண்ணெண்ணெயா, விறகா?

காசுக் கணக்கில் விறகு. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு பெண்ணின் நேரமும் மூச்சும் சேரவில்லை.

2021 ஒக்டோபர் வரை 12.5 கிலோ காஸ் சிலிண்டர் கொழும்பில் 1,493 ரூபா. அந்த மாதம் 2,675 ஆனது, 2022 ஏப்ரலில் 4,860. இங்கே ஏற்றுக்கூலி சேர்ந்து இன்னும் கூட. காசு இருந்தும் சிலிண்டர் இல்லாமல் வரிசையில் நின்ற காலம் அது. மண்ணெண்ணெய்க் குக்கருக்குத் திரும்பினவர்களுக்கு 2022 ஓகஸ்டில் அடுத்த அடி: ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபா. குருநகரிலும் மயிலிட்டியிலும் வல்வெட்டித்துறையிலும் அது படகின் எரிபொருளும்கூட. வள்ளம் கடலுக்குப் போகவில்லை, வீட்டு அடுப்பும் எரியவில்லை, இரண்டும் ஒரே எண்ணெயால்.

அப்படி விறகுக்குத் திரும்பிய பல வீடுகள் விலை இறங்கிய பிறகும் அங்கேயே நின்றுவிட்டன. விறகுகாலையில் வாங்க முடிந்தவர்கள் வாங்குகிறார்கள். முடியாதவர்கள் பனை மட்டை, ஊமல், பொச்சு, சிரட்டை, காவோலை என்று வளவில் கிடைப்பதை எரிக்கிறார்கள். போரில் எத்தனை ஆயிரம் பனைகள் பங்கருக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்டன, அந்த வெற்றிடம் இன்றைக்கு அடுப்பிலும் தெரிகிறது. மழைக்காலத்தில் ஈர மட்டை புகைந்து புகைந்து கண்ணைக் கரிக்கும். வீட்டுக்குள் எரிக்கும் புகையால் 2020இல் உலகம் முழுவதும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. எங்கள் அம்மாமாரின் இழுப்பும் இருமலும் அதே புகையில்தான் வருகின்றன.

விறகுதான் வழி என்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, அனகி அடுப்பு. 1980களில் இலங்கையில் உருவாக்கிய களிமண் அடுப்பு. ஒரு நெருப்பில் இரண்டு பானை வைக்கலாம், மூன்று கல் அடுப்பைவிட விறகு குறைவு. இரண்டு, ஆவணிக்குள்ளேயே மட்டையும் ஊமலும் சேர்த்துக் கூரைக்குக் கீழே அடுக்கிவிடுங்கள். அடுப்புக்கு மேலே புகைக்கூடு இல்லையென்றால் சமைக்கும்போது யன்னலைத் திறந்து, கைக்குழந்தையைக் குசினிக்கு வெளியே வையுங்கள்.

சண்டைக்காலத்தில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்தோம். இப்போது ஒரு கிழமைக்கு ஏன் இவ்வளவு கவலை?

பெரியவர்கள் இதைக் கேட்கும்போது அவர்கள் பட்ட பாட்டுக்கு மரியாதை கொடுத்துத்தான் பதில் சொல்வேன். 1990இல் குடாநாடு தேசிய மின்பாதையிலிருந்து அறுந்தது. பொருளாதாரத் தடையில் பற்றரிகூட வரவில்லை, மண்ணெண்ணெய் பொன்விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்கட்டைக்குள் திரியைக் கோத்து எரித்தோம். எண்ணெய் பஞ்சில் ஊறி நிற்பதால் சரிந்தாலும் ஊற்றாது, சுடர் போத்தலுக்குள் இருப்பதால் காற்றுக்கும் அணையாது. அந்தத் துளி வெளிச்சத்தில் படித்தவர்கள் இன்றைக்கு வைத்தியர், பொறியியலாளர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டோம்.

அப்போது ஊரே இருட்டு. எல்லாக் கிணற்றிலும் கயிறு இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஜாம் போத்தல் விளக்கில்தான் சோதனைக்குப் படித்தார்கள். இன்றைக்கு வெட்டுப்படுவது ஒரு வீடு மட்டும். பள்ளிக்கூடத்தில் தரும் பயிற்சி தொலைபேசிக்குத்தான் வருகிறது, மற்றப் பிள்ளைகள் செய்து முடித்துவிடுவார்கள். தெரு முழுக்க விளக்கு எரியும்போது தன் வீடு மட்டும் இருட்டாக இருப்பதைப் பிள்ளை வெளியில் சொல்லாது. சேலைக்கொடிக் கயிற்றில் தண்ணீர் அள்ளிய அந்த அக்காவின் மூத்த பிள்ளை, நண்பிகள் வந்துவிடுவார்கள் என்று பின்னேரம் படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுமாம். சண்டைக்காலத்தில் நாங்கள் யாரும் இருட்டுக்காக வெட்கப்படவில்லை.

தீவுகளிலும் இதே நிலைமைதானா?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு தேசிய மின்பாதை போகவில்லை. 2024இலும் அங்கே டீசல் மின்பிறப்பாக்கிதான். டீசல் படகில் போக வேண்டும், கடல் விட்டால்தான் படகு. இந்த மூன்று தீவுகளுக்கும் சூரிய, காற்று கலப்பு மின்தொகுதி போட இந்தியாவின் 1.1 கோடி டொலர் மானியத்தில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

லண்டனில் இருக்கும் தம்பி, அங்கே வெட்டுவதே இல்லை என்கிறார். உண்மையா?

நேரே வந்து வெட்டுவது அங்கே மிகக் குறைவு. ஆனால் கடன் ஏறிய வீடுகளுக்கு முற்கொடுப்பு மீற்றர் பூட்டுவார்கள். காசு போட்டால் வெளிச்சம், தீர்ந்தால் இருட்டு. வெட்டுகிறவர் யாரும் வரத் தேவையில்லை, வீட்டுக்காரர் தானே வெட்டுப்பட்டுக் கொள்கிறார். 2023 தொடக்கத்தில், நோயாளிகளின் வீட்டுப் பூட்டைக்கூடத் திறந்து உள்ளே போய் அந்த மீற்றரைப் பூட்டியதை ஒரு பத்திரிகை வெளிக்கொண்டுவந்தது. ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒவ்ஜெம் உடனே அதை நிறுத்தி, பிறகு விதி போட்டது. துணையில்லாத 75 வயதுக்கு மேற்பட்டவர்கள், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீடுகள் ஆகியவற்றில் வலிந்து பூட்டக்கூடாது என்றார்கள். தனியே இருக்கும் ஓய்வூதியருக்குக் குளிர்காலத்தில் வெட்டக்கூடாது என்பது அதற்கு முன்னரே இருந்த விதி.

இதை நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எங்களுக்குக் குளிர்காலம் இல்லை, மழைக்காலம் இருக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை கூலிவேலை இல்லாத வீடுகளிலும், சாதாரணதர, உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளை உள்ள வீடுகளிலும், கிணற்றுத் தண்ணீருக்கு மோட்டரை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளிலும் வெட்டாமல் தவணைக்கு விடலாம். நிலுவை எங்கேயும் ஓடிவிடாது.

அஸ்வெசும (அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவு) கிடைக்கிறது. பில்லில் கழிவு உண்டா?

பில்லில் தானாகக் கழியாது. அது வங்கிக்கு வரும் காசு. தவணை கேட்கும் கடிதத்தோடு அஸ்வெசும விபரத்தை இணையுங்கள், வருமான நிலைக்கு அதுவே சான்று.

கூரையில் சூரிய மின்கலம் போட்டால் பிரச்சினை தீருமா?

கையில் முதல் இருப்பவர்களுக்குத் தீரும். 215 ரூபாப் பில் கட்ட முடியாதவருக்கு இதைச் சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு சின்னச் சூரிய விளக்கு, பிள்ளை படிக்க, அது வேறு. வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் என்றால் அதை அனுப்பலாம், அதோடு ஒரு கப்பியும் கயிறும் வாங்கக் காசு.

வெட்டிவிட்டார்கள். திரும்ப எடுக்க என்ன செய்வது?

நிலுவையையும் மீள இணைக்கும் கட்டணத்தையும் கட்டி, பற்றுச்சீட்டைப் பகுதி அலுவலகத்தில் காட்டுங்கள். நிலுவை முழுதும் முடியாவிட்டால் மேலே சொன்ன தவணைக் கடிதத்தை அதே நாளில் கொடுங்கள். மாதக்கணக்காக அப்படியே விட்டால் கணக்கை மூடி, புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் நிலை வரலாம். அது பல மடங்கு செலவு. மீற்றரின் முத்திரையை நீங்களோ ஊர் எலெக்ட்ரீசியனோ தொடக்கூடாது, அது வழக்காகிவிடும்.

இணைக்க வருவதற்கு முன்னர் வீட்டில் எல்லாச் சுவிட்சையும், முக்கியமாக மோட்டர் சுவிட்சை, அணைத்து வையுங்கள். நாள்கணக்கில் ஓடாததால் குழாயில் நின்ற தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கியிருக்கும். கரண்ட் வந்த மகிழ்ச்சியில் உடனே போட்டால் மோட்டர் வெறுமனே ஓடிச் சூடேறி எரிந்துவிடும். மேலே உள்ள மூடியைத் திறந்து, ஒரு வாளி தண்ணீர் விட்டு, குழாய் நிறைந்து வழிந்த பிறகு போடுங்கள். அந்த ஒரு வாளியை அள்ளுவதற்காவது கயிறு வேண்டும், திரும்பக் கொடுத்துவிடாதீர்கள்.